போய்ச் சேர்ந்த செய்தி: அஞ்சலட்டை முதல் நேரலை இருப்பிடம் வரை

வெளியூர் சென்றவர் தாம் நலமாகப் போய்ச் சேர்ந்ததை வீட்டாருக்குத் தெரிவிக்கும் வழக்கம், இந்தியாவில் 1879 ஜூலை 1 அன்று கால் அணா அஞ்சலட்டை வெளியான பின்னர் எளியோருக்கும் எட்டும் விலைக்கு வந்தது. உறையில்லாத அவ்வட்டையில் ஓரிரு வரிகள் எழுதினாலே போதும். அனுப்பிய ஊரையும் நாளையும் அஞ்சல் முத்திரையே சொல்லிவிடும். ஆனால் அதே அட்டையை எழுத்தரும் தபால்காரரும் படிக்கலாம் என்பதால், குடும்ப விவகாரங்களை எழுத நேர்ந்தவர்கள் கூடுதல் செலவானாலும் உறையை நாடினர். மடித்து ஒட்டக்கூடிய, உறையைவிட மலிவான உள்நாட்டுக் கடிதத்தாள் 1950இல் வந்து அத்தேவையை நிறைவு செய்தது. தந்தியோ விரைவில் சென்றது. எனினும் அனுப்பும் ஊழியரும் பெறும் ஊழியரும் அறியாமல் அதில் எதையும் சொல்ல இயலாது என்பதோடு, பொது நெருக்கடிக் காலத்தில் அதை இடைமறிக்கும் அதிகாரத்தை 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் அரசுக்கு வழங்கியிருந்தது.

இம்முறைகள் அனைத்திலும் எப்போது, எதைச் சொல்வது என்பதை அனுப்புபவரே தீர்மானித்தார். இரண்டு கடிதங்களுக்கு இடைப்பட்ட நாட்களில் அவர் எங்கிருக்கிறார் என்பதை அறிய வழியில்லாமை வீட்டாருக்குக் கவலையாகவும், சென்றவருக்குச் சுதந்திரமாகவும் இருந்தது.

அந்த இடைவெளியைச் செயற்கைக்கோள் அகற்றியது. அமெரிக்க ராணுவம் உருவாக்கிய ஜிபிஎஸ் அமைப்பில், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டதும், ஏறத்தாழ 100 மீட்டராக இருந்த துல்லியக் குறைவு 20 மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. 2009இல் கூகுள் தொடங்கிய ‘லாட்டிட்யூட்’ சேவை, நண்பர்களின் இருப்பிடத்தை வரைபடத்தில் காட்டியது. நகரத்தின் பெயரை மட்டும் காட்டவும், முற்றிலும் மறைந்துகொள்ளவும் அதில் இடமிருந்தது. 2013இல் அது நிறுத்தப்பட்டது. 2017 அக்டோபரில் வாட்ஸ்அப் அறிமுகப்படுத்திய நேரலை இருப்பிடம், 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்று கால அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்து, அது முடிந்ததும் தானே நின்றுவிடுவதாக அமைந்தது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் எவரும், அந்நிறுவனமே ஆயினும், படிக்க இயலாத மறையாக்கமும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அஞ்சலட்டைக்கு இல்லாத மூடிய உறையும், கடிதத்துக்கே உரிய முடிவும் இவ்வாறு ஒருசேர வாய்த்தன.

அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதலை அளிப்பதைப் போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் வழியிருக்க வேண்டும் என நிறுவனங்களுக்கு விதித்தது. ஆயினும் தனிநபர் ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. கணவன் மனைவிக்கிடையிலும் பெற்றோர் பிள்ளைகளுக்கிடையிலும் யார், எதற்காக, எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்ற வரையறையை, ஆகவே, குடும்பத்தாரே பேசி முடிவு செய்ய வேண்டியுள்ளது. கால வரம்பிட்டுப் பகிர்வதும், தேவை முடிந்ததும் நிறுத்துவதும், நிறுத்தியதற்குக் காரணம் கேட்காதிருப்பதுமே அதற்கு உகந்த நெறியாகும்.