ரெண்டும் 346 சிசிதான், ஆனா பொருந்தாது

இன்னைக்கு எபிசோட் நான் தப்பா வாங்கின ஒரு பிஸ்டன்ல இருந்து ஆரம்பிக்குது.

அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்ட்ல வாங்கின 1984 புல்லட் ஒன்னு, ஏழு வருஷமா வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்குள்ள நிக்குது. தை மாசம் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அன்னைக்கு அம்மாவைப் பின்னாடி உட்கார வெச்சு அவர் அதை ஓட்டணும்னு எனக்கு ஆசை. ஆன்லைன்ல தேடினேன். போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், 346 சிசி. எல்லா எண்ணும் பொருந்தினதால பிஸ்டன் செட்டை வாங்கிட்டேன்.

புதுப்பேட்டை மெக்கானிக் அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்துட்டு மூடினார். “தம்பி, இது புது இன்ஜினோடது. பின் எங்க உட்காருது, மேல எவ்வளவு இடம் இருக்குன்னு அளக்காம மாட்டினா வால்வுல இடிக்கும். அதுவுமில்லாம, இவ்வளவு ஓடின சிலிண்டர் இன்னும் 70-ஆவா இருக்கும்? ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன்தான் போடணும்.”

ஒரே எண், ஆனா வேற பாகம். இது எப்படி வந்ததுன்னு புரிய இங்கிலாந்துல இருக்கிற ரெடிட்ச் ஊருக்குப் போகணும்.

ராயல் என்ஃபீல்டின் தாய்வீடு அதுதான். பல பைக்குகளில் பின்சக்கரத்துக்குச் சரியான சஸ்பென்ஷனே இல்லாத காலத்தில், 1949-இல் வந்த 350 சிசி புல்லட்டில் ஸ்விங் ஆர்மும் ரெண்டு ஷாக் அப்சார்பரும் இருந்தன. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் அதை வாங்கியது. 1955-இல் ரெடிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த வருஷம் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்து இங்கே பூட்டப்பட்டன; பிறகு மெல்ல மெல்ல பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

எங்க பாஷையில சொன்னா இது ஒரு ஃபோர்க். முன்சக்கர ஃபோர்க் இல்லைங்க, கோட் ஃபோர்க்! ஒரிஜினல் 1962-இல் நின்னுபோச்சு. 1967-இல் ரெடிட்ச் தொழிற்சாலையும் மூடப்பட்டது. ஆனா திருவொற்றியூர் பிரதி ஓடிக்கிட்டே இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு, குறைவான போட்டி ரெண்டும் இருந்ததால, அடிப்படை டிசைனை மாத்த வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. 1977-இல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு புல்லட் ஏற்றுமதியானது. நாம தேக்கம்னு திட்டுற அதே விஷயம், அங்கே பழைய ரெடிட்ச் வண்டியைச் சரி பண்றவங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிற வழியாச்சு.

அதுக்காக எல்லாமே அப்படியே பொருந்தும்னு நினைக்காதீங்க. ரெடிட்ச் வண்டியில் மரை இஞ்சுக் கணக்கு. இங்கே காலப்போக்கில் மெட்ரிக் கலந்தது. தப்பான போல்ட்டும் ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் நிக்கும். அங்கே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினா அலுமினியக் கேஸில் இருக்கிற மரையே போயிடும். ஷாக் அப்சார்பரும் அப்படித்தான். மேல் ஓட்டையிலிருந்து கீழ் ஓட்டை வரை நீளம், புஷ் அளவு, ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி, மூணையும் பார்க்கணும். நீளம் கூடினா வண்டியோட பின்பக்கம் தூக்கும், ஸ்டாண்டும் சரியா நிக்காது.

2000-களின் கடைசியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கேஸில் இருக்கிற புது இன்ஜின் வந்தது. 350-இல் அதே 70-க்கு 90 அளவை வெச்சுக்கிட்டாங்க. ஆனா கையால அட்ஜஸ்ட் பண்ற டாப்பெட் போய் ஹைட்ராலிக் வந்தது; கியர்பாக்ஸே வேற. நான் ஏமாந்தது இங்கதான். வெர்ஷன் நம்பரை மட்டும் பார்த்தேன், இன்டர்ஃபேஸைப் பார்க்கல.

அன்னைக்கு ரெடிட்ச் வண்டிக்காரங்க இருந்த இடத்தில் இன்னைக்கு நாம இருக்கோம். பழைய இரும்பு சிலிண்டர் இன்ஜின் உற்பத்தி நின்னு வருஷங்களாச்சு. அண்ணன் கடைசியா ஒன்னு சொன்னார்: “பழைய பார்ட்டைத் தூக்கிப் போடாத தம்பி. தேஞ்சிருந்தாலும் அதுதான் சாம்பிள்.”

சிலிண்டர் இப்போ லேத் பட்டறையில் இருக்கு. பழைய பிஸ்டன் என் மேசை மேல. தைக்குள்ள வண்டி ரெடியாகுமான்னு அடுத்த எபிசோடில் சொல்றேன்.