கடல் கட்டியும் லெய்லாவும்

1863 செப்டம்பர் 30 அன்று பாரிஸில் அரங்கேறிய, பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசேயின் 'முத்துக் குளிப்போர்' ஓபரா நடப்பது இலங்கைக் கரையில். முக்காடிட்ட பூசாரிப் பெண் லெய்லா, முன்பு அவளுக்காகவே பகைத்துப் பின் கைகோத்த நண்பர்கள் நாதிர், சுர்கா. கடலில் இறங்குவோரைக் காக்க இரவில் பாறைமேல் நின்று அவள் பாட வேண்டும்; கன்னி விரதம் கலைந்தால் உயிர் போகும். அவள் நாதிரை நாடியதும், பொறாமையில் தலைவன் சுர்கா இருவருக்கும் மரணம் விதிக்கிறான். கனவில் கேட்பது போன்ற இசை. முதலில் மெக்சிகோவை மனத்தில் வைத்த கதை என்பதால், இதில் நம் கரையே இல்லை என்று ஒதுக்கத் தோன்றும். அது அவசர முடிவு. லெய்லாவின் வேலை மன்னார்க் கடலில் உண்மையாகவே இருந்தது.

அதைச் செய்தவர் கடல் கட்டி. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். அவர் இல்லாமல் குளிகாரர்கள் இறங்கத் தயங்கியதால், ஆங்கிலேய அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. இரவில் கரைக்காற்றில் படகுகள் புறப்படும். விடிந்ததும் கயிற்றில் கட்டிய கல்லில் கால் ஊன்றி இறங்கி, ஒரு நிமிட மூச்சுக்குள் சிப்பியை வாரிப் பையில் போடுவார்கள். மேலிருப்பவர் இழுத்துத் தூக்குவார். 13ஆம் நூற்றாண்டில் மார்கோ போலோ, பிடிப்பில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, மந்திரம் போடுவோருக்கு இருபதில் ஒன்று என்று எழுதினார். திருட்டுத்தனமாக யாரும் குளிக்காதிருக்க, இரவில் அந்த மந்திரக் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். லெய்லா காக்கும் அதே இரவில் கடல் கட்டி காவலை எடுத்துவிடுகிறார்.

கதை பழங்காலத்தது, கனவுக்குக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். கனவு காணும் உரிமையை நான் மறுக்கவில்லை. பழங்காலம் என்றால் சட்டமற்ற காலம் என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். ஓபராவில் குரல் கொடுத்து சுர்காவைத் தலைவனாக்கி, வரம்பில்லாத அதிகாரத்தையும் அந்த மக்கள் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கு மாறாக, கடலிலிருந்து எட்ட இருக்கும் நம் உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள கி.பி. 921 கல்வெட்டு, குடவோலையில் தேர்ந்தவருக்கு 360 நாள்தான் பதவி என்கிறது. கணக்குக் காட்டாதவரை உறவினரோடு சேர்த்து விலக்குகிறது. பிராமண சபையின் விதிதான், பரதவர் கரைக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் முத்துக் கரையிலும் எல்லாம் பங்குக் கணக்கில்தான் ஓடியது. ஆங்கிலேயர் காலத்தில் சிப்பிகளை எண்ணி, குளிகாரர் பங்கு போக, அரசின் பங்கைத் திறக்காமலேயே ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்குமா என்று தெரியாமலே வியாபாரி பணத்தைக் கட்டினார். பொறாமைக்கும் நட்பு முறிவுக்கும் அந்த ஏலத் திடலிலேயே இடம் இருந்தது.