ஆராய்ச்சிப் பதவிகள் பிறந்த கதை

நம் நாட்டுச் சர்வகலாசாலைகளில் ஆராய்ச்சிக்கென்றே ஊதியம் பெறும் பதவிகள் பிற்காலத்தில் தோன்றியவை. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் நிறுவப்பெற்ற மூன்று சர்வகலாசாலைகளும் நெடுங்காலம் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனங்களாகவே இருந்தன. விஞ்ஞானத்தில் வேட்கை கொண்ட பட்டதாரியும் சர்க்கார் உத்தியோகத்தையே நாட வேண்டியிருந்தது.

இந்நிலையைக் கண்டு வருந்தியவருள் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் ஒருவர். அவர் 1876-ல் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். கருவிகளும் கட்டடமும் வாய்த்தன. ஆராய்ச்சி செய்வோர்தாம் வாய்க்கவில்லை.

1907-ல் அக்கழகத்தின் வாயிலில் வந்து நின்றார் ஒரு தமிழ் இளைஞர். கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்திருந்த சி. வி. ராமனே அவர். கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர். அன்று முதல், ரங்கூனிலும் நாகபுரியிலும் பணியாற்றிய இடைக்காலம் நீங்கலாக, ராமனுடைய அதிகாலையும் மாலையும் அக்கூடத்திற்கே உரியவாயின. ஊதியமும் இல்லை, பதவியும் இல்லை. வெளியான கட்டுரைகளே அவருக்குச் சிபாரிசாக அமைந்தன.

இதனிடையே வழக்கறிஞர்களான தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகிய இருவரும் வழங்கிய பெருநிதியால் கல்கத்தா சர்வகலாசாலையில் விஞ்ஞானக் கல்லூரி தோன்றியது. பாலித் பேராசிரியர் பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்பது நிபந்தனை. அதன்பொருட்டுக் கப்பலேற ராமன் இசையவில்லை. சர்வகலாசாலையின் தூணாக விளங்கிய ஸர் ஆசுதோஷ் முகர்ஜி அந்நிபந்தனையை விலக்குவித்தார். 1917-ல், ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்து, ராமன் அப்பதவியை ஏற்றார்.

சென்னையில் கல்லூரி டெமான்ஸ்டிரேட்டராக இருந்த கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தா சென்று, 1923-ல் ராமனிடம் ஆராய்ச்சி உதவியாளரானார். 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு கண்டறியப்பட்டபோது அவர் உடனிருந்து உழைத்தார். அவ்வாண்டின் இறுதியில் டாக்கா சர்வகலாசாலை அவரை ரீடராக ஏற்றது. 1942-ல் அலகாபாத் சர்வகலாசாலை பேராசிரியராக்கியது. 1947-ல் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக அவர் டில்லியில் அமர்ந்தார். உதவியாளர் பதவியே இத்தனைக்கும் முதற்படி.

கதவைத் திறந்த ஆசு பாபுவை நாம் மறத்தலாகாது. சர்வகலாசாலையில் மாணவராகப் பயின்றறியாத அவர், ராமனுடைய சோதனைகளுக்குப் பல்லாண்டுகள் கைகொடுத்தார். 1919-ல் லண்டன் ராயல் சொஸைட்டியின் இதழில் அவர் பெயராலேயே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. உதவியாளரின் உழைப்பை அவருடைய பெயரிலேயே உலகறியச் செய்த அக்கூடத்தின் பண்பு போற்றத்தக்கது.

அயல் மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பட்டதாரிக்கு உற்றாரும் சிபாரிசும் அருகில் இல்லை என்னும் கவலை இயல்பே. ராமனுக்கும் கல்கத்தாவில் உற்றார் துணை நிற்கவில்லை. செய்து காட்டிய வேலையே பேசிற்று. ஆயினும் நிதி வழங்கிய வள்ளல்களும், விதியைத் தளர்த்திய தலைவரும், கதவைத் திறந்த ஊழியரும் இல்லையேல் அவ்வேலை பதவியாகக் கனிந்திராது. ஆராய்ச்சிக் கூடத்தில் இடம் தேடுவோர் முதற்பாடத்தைக் கற்கட்டும்; இடம் அளிப்போர் இரண்டாவதை நினைவிற் கொள்ளட்டும்.