பெண் பிறப்புறுப்புத் தூய்மை

பெண் பிறப்புறுப்புத் தூய்மை என்பது புற இதழ்களையும் அவற்றைச் சூழ்ந்த தோலையும் அன்றாடம் மென்மையாகக் கழுவி, ஈரமின்றி வைத்திருக்கும் உடல்நலப் பழக்கம். உட்புறமான யோனிக்குழாய் இதில் சேராது. அது தன்னைத்தானே தூய்மை செய்துகொள்வது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் அதன் சுவர்ச் செல்களில் கிளைகோஜன் சேர்கிறது. அதைக் கொண்டு லாக்டோபேசில்லஸ் நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலம் உண்டாக்குவதால், இனப்பெருக்க வயதில் பிஎச் அளவு பொதுவாக 3.8 முதல் 4.5 வரை இருக்கும். இதனால் நோய்க்கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. இந்நுண்ணுயிரிகளை ஜெர்மானிய மகளிர் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892இல் விவரித்தார். மாதவிடாய் நின்றபின் இந்த அமிலத்தன்மை குறையும்.

புறப்பகுதிக்கு வெதுவெதுப்பான நீரே போதும். குளியல் சோப்பு பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அதனால் அது வறட்சியும் எரிச்சலும் தரலாம். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவினால் சிறுநீர்த்தாரைக்குக் கிருமி செல்வது குறையும். பருத்தி உள்ளாடை வியர்வையைத் தேங்கவிடாது.

யோனிக்குள் நீரோ மருந்துக் கரைசலோ பீய்ச்சிக் கழுவும் வழக்கம் மேலைநாடுகளில் நெடுங்காலம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் லைசால் என்னும் கிருமிநாசினிகூட இதற்கென விளம்பரப்படுத்தப்பட்டது. இவ்வழக்கம் பாக்டீரிய யோனித்தொற்று, இடுப்புக்குழி அழற்சி ஆகியவற்றுடன் தொடர்புடையதால் மருத்துவர்கள் இன்று இதைத் தவிர்க்கச் சொல்கின்றனர். துர்நாற்றமற்ற வெண்கசிவு இயல்பானது. அரிப்பு, துர்நாற்றம், நிறமாற்றம் ஆகியவை மருத்துவப் பரிசோதனைக்குரியவை.