கொம்பின் அடியைப் பாருங்கள்

வன்னியின் பழைய கல்வீடுகளுக்குச் சென்று பழகியவர்கள் விறாந்தைச் சுவரில் மான்கொம்பைக் கண்டிருப்பார்கள். தொப்பியும் குடையும் அதில் தொங்கும். சற்று வசதியான வீடென்றால், தச்சர் மரத்தில் மான்தலை செதுக்கி, கண்ணுக்கு வர்ணம் தீட்டி, மெய்யான கொம்புகளை அதில் பொருத்தியிருப்பார். கிளிநொச்சியில் எங்கள் அப்பப்பா வீட்டில் பாலைப் பலகையில் பூட்டிய ஒரு சோடி இருந்தது. காட்டில் தானாக விழுந்ததைப் பொறுக்கி வந்ததென்றே எங்களுக்குச் சொல்லப்பட்டது. வன்னியில் யாரைக் கேட்டாலும் இதே கதைதான்.

கதையில் உண்மை இல்லாமலில்லை. மாட்டுக்கொம்பையும் மான்கொம்பையும் நாம் ஒரே சொல்லால் அழைத்தாலும் இரண்டும் வேறு. மாட்டின் கொம்பு உள்ளே கோறையானது. ஆயுள் முழுதும் தலையிலேயே இருப்பது. புள்ளிமானுக்கும் மரைக்கும் முளைப்பது எலும்பு. அது கலைக்கு மட்டுமே உண்டு. விழுந்து மீண்டும் முளைக்கும். விழுந்ததைக் காடும் வீணாக்குவதில்லை. முள்ளம்பன்றி சுண்ணாம்புச் சத்துக்காக அதைக் கறண்டித் தின்றுவிடும். காலி நகரத்துக் கைவினைஞர் புகழ்பெற்ற பெட்டிகளை இழைத்தது அந்த முள்ளம்பன்றியின் முட்களைக் கொண்டுதான் என்பது வேடிக்கையான பொருத்தம்.

எருமைக்கொம்பைச் சூட்டில் இளக்கிச் சீப்பாகத் தட்டையாக்கலாம். மான்கொம்பு அப்படி வளையாது. வாளால் அறுத்து, அரத்தால் இராவி, மினுக்கித்தான் கைத்தடிப் பிடியும் கத்திப்பிடியும் செய்யவேண்டும். மரைக்கொம்பு உறுதியானது என்பதால் இங்கிலாந்தின் செஃபீல்ட் கத்தித் தொழிலாளர் அதைப் பெரிதும் விரும்பினர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் ஏற்றுமதிப் பட்டியல்களில் மான்கொம்பும் ஒரு பண்டம். 1851இல் இலண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் ஹம்பேர்க்கைச் சேர்ந்த ரம்பென்டால் கொம்பினாலான தளபாடங்களை வைத்தார். விக்டோரியா மகாராணியின் ஒஸ்போர்ன் மாளிகையில் இத்தகைய தளபாடங்களுக்கென்றே ஓர் அறை உண்டு. துரைமார் பங்களாக்களின் இந்த நாகரிகமே நம்மவர் விறாந்தைக்கும் வந்தது என்பது என் கணிப்பு.

இத்தனை கொம்பும் பொறுக்கியதுதானா? கொம்பின் அடியைப் பார்த்தால் விடை தெரியும். தானாக விழுந்த கொம்பின் அடி சொரசொரப்பான வளையத்தோடு, சற்றுப் புடைத்து முடிந்திருக்கும். கொன்று எடுத்ததில் மண்டையோட்டின் துண்டு ஒட்டியிருக்கும். இன்னொன்றும் உண்டு. உதிரும் இரு கொம்புகளும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. ஆகவே பொறுக்கியவற்றைச் சோடி சேர்த்தால் நீளத்திலும் வளைவிலும் ஏதேனும் வேறுபாடு தெரியும். தச்சர் செதுக்கிய மான்தலை இந்தச் சாட்சியை மறைத்துவிடும். வெறும் பலகை மறைக்காது.

வேட்டையை நெறிப்படுத்த 1937இல் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1949இல் வனசீவராசிகள் திணைக்களம் அமைந்தது. இன்று மானையும் மரையையும் வேட்டையாடுவது குற்றம். இந்தியா 1998இல் உதிர்ந்த கொம்பின் வணிகத்தையும் நிறுத்தியது. பொறுக்கியதென்ற பெயரில் கொன்றதும் சந்தைக்கு வரும் என்ற அச்சமே இத்தகைய தடைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானதென்றே நினைக்கிறேன். கத்திப்பிடிக்காரருக்கு இது இழப்புத்தான்.

அப்பப்பா வீடு 2009இல் கூரையோடு போயிற்று; கொம்பும் போயிற்று. எஞ்சியது, வெளிநாட்டு உறவினரிடம் இருந்த திருமணப் படம் ஒன்று. மாப்பிள்ளையின் தலைக்குமேல் அந்தப் பலகை தெரிகிறது. அண்மையில் அதைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்தேன். கொம்புகள் இரண்டும் ஒரே அளவு, ஒரே வளைவு. அவற்றுக்கு நடுவே, இரண்டு திருகாணிகளால் இறுக்கப்பட்ட வெள்ளை மண்டையோட்டுத் துண்டு.