திருப்பூர் வட்டாரத்தில் இளம் பராமரிப்பாளர்கள்

பெற்றோர் பனியன் கம்பெனியில் வேலை செய்ய, பிள்ளைகள் ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்வது திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலோடு பரவிய குடும்ப அமைப்பு. வளர்க்கப்படும் பிள்ளையே சில ஆண்டுகளில் வளர்த்தவரைக் கவனிப்பவராக மாறிவிடுகிறார்.

திருப்பூரில் முதல் பின்னலாடை ஆலை 1925-ல் குலாம் காதர் என்பவரால் தொடங்கப்பட்டது. 1970-களின் இறுதிவரை உள்நாட்டுச் சந்தையே முதன்மையாக இருந்தது. 1985-ல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி பின்னர் ஆயிரக்கணக்கான கோடிகளாக வளர்ந்தபோது, தென் மாவட்டங்களிலிருந்தும் கொங்குக் கிராமங்களிலிருந்தும் கணவனும் மனைவியுமாக வேலைக்கு வந்தனர். ஒரே அறை கொண்ட லைன் வீடு. ஆர்டர் நெருங்கினால் 'ஒன்றரை ஷிப்டு', அதாவது 12 மணி நேர வேலை. கைக்குழந்தையை அங்கே வைத்துப் பார்க்க ஆளில்லை. எனவே குழந்தை ஊரில் அமிச்சியிடமோ அப்பத்தாவிடமோ விடப்பட்டது.

பத்துப் பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளையின் வேலைகள் மாறுகின்றன. ரேஷன் வாங்குவது, தண்ணீர் பிடிப்பது, சர்க்கரை மாத்திரையை நேரம் பார்த்துக் கொடுப்பது, முதியோர் உதவித்தொகைக்காகப் பாட்டியை அழைத்துச் செல்வது ஆகியவை அவர் பொறுப்பாகின்றன. இரவில் பாட்டி எழுந்தால் கை பிடித்துப் போவதும் அவர்தான். பெரும்பாலும் பெண்பிள்ளை. இதை 'ஒத்தாசை' என்று சொல்வது வழக்கம். அந்தச் சொல்லே இதை வேலையாகக் கருதாமல் இருக்கச் செய்துவிட்டது எனலாம்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் தொடங்கியது. 1982-ல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1983 முதல் உதவித்தொகை பெறும் முதியோரும் சேர்க்கப்பட்டனர். பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே அடுப்பில் அரசு சமைத்தது அரிதான ஏற்பாடு. மற்றபடி முதியவர் ஒரு துறையின் பயனாளி, குழந்தை இன்னொரு துறையின் பயனாளி. இருவருக்கும் இடையே நடக்கும் பராமரிப்பு எந்தத் துறைக்கும் உரியதாக இல்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பேரன் பேத்தியையும் 'பிள்ளைகள்' என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. 18 வயது நிரம்பாதவரை விலக்கியது. சிறுவர்மேல் கடமையைச் சுமத்தாதது சரியே. ஆனால் கடமை இல்லாமலே அதைச் செய்துவரும் சிறுமியைப் பற்றி அச்சட்டத்தில் எதுவும் இல்லை. பிரிட்டன் 2014-ல், இளம் பராமரிப்பாளரின் தேவைகளை மதிப்பிடும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் சட்டப்படி ஒப்படைத்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை.

கொரோனா காலத்தில் பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு மாதம் 3,000 ரூபாய் வழங்கத் தமிழ்நாடு அரசு 2021-ல் முடிவு செய்தது. 2025-ல் வந்த 'அன்புக்கரங்கள்' திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. தாயும் தந்தையும் திருப்பூரில் ஒன்றரை ஷிப்டு பார்க்கும் வீட்டுப் பிள்ளை இந்த இரண்டிலும் வரமாட்டார்.