குருசேகரம் (வேலூர் வட்டாரம்)

குருசேகரம் என்பது ஒரு குருவானவரின் பொறுப்பில் விடப்பட்டுள்ள கிறித்தவ சபைகளின் தொகுதியைக் குறிக்கும் சொல்லாகும். இங்கிலாந்தின் ஆங்கிலிக்க மரபில் ஓர் ஊர், அதன் நடுவே ஒரு கோயில், அக்கோயிலுக்கென ஒரு குரு என்று பங்கு அமைவது வழக்கம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஒரு குருவுக்குப் பல ஊர்கள் உண்டு. திருநெல்வேலிப் பகுதியில் இவ்வமைப்பு சேகரம் எனப்படும். இக்கட்டுரை வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழில் வட்டாரத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் சிற்றூர்ச் சபைகளைப் பற்றியது.

வரலாறு

வேலூர்க் கோட்டைக்குள் உள்ள தூய யோவான் ஆலயம் 1846 ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. ஆங்கிலிக்க முறையில் வழிபாடு நடந்த இக்கோயில் கோட்டையிலிருந்த படையினருக்கானது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் சபைகள் இதிலிருந்து தோன்றியவை அல்ல. அவை அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஆற்காடு மிசனால் உருவாக்கப்பட்டவை. இம்மிசனை 1853 ஆம் ஆண்டில் தொடங்கியவர்கள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் ஆகிய ஸ்கடர் சகோதரர்கள் ஆவர். இவர்களுடைய தந்தை ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவ ஊழியம் செய்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தியாவார்.

சீர்திருத்த மரபில் பேராயர் பதவி இல்லை. குருவும் சபையார் தேர்ந்த மூப்பர்களும் கூடிச் சபையை நடத்துவர். ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் 1895 ஆம் ஆண்டு முதல் மிசௌரி லூத்தரன் மிசன் பணியாற்றியதால், இன்றும் ஆம்பூரைச் சுற்றியுள்ள பல கிறித்தவர்கள் லூத்தரன் சபையினரே. வெளியூரார் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

ஒன்றிப்பு

திருச்சபைகளை ஒன்றாக்கும் முயற்சி 1919 ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் கூடிய கூட்டத்தில் தொடங்கியது. கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியக் குருமார். இதில் முன்னின்றவர், முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயரும் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவருமான வே. ச. அசரியா. அவர் 1945 ஆம் ஆண்டில் மறைந்தார். ஆங்கிலிக்கர், மெதடிஸ்துகள், தென்னிந்திய ஐக்கிய சபையினர் ஆகியோர் இணைந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் உதயமானது. ஆற்காடு மிசனின் சபைகள் ஐக்கிய சபை வழியாக இதில் சேர்ந்தன.

மூப்பர்களை மட்டுமே அறிந்திருந்த சபைகள் இதனால் பேராயரின் கீழ் வந்தன. பழைய முறையில் பட்டம் பெற்ற குருமாருக்கு மறு அபிஷேகம் வேண்டப்படவில்லை. எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத குருவைத் திணிப்பதில்லை என்ற உறுதிமொழியும் தரப்பட்டது. 1976 ஆம் ஆண்டில் சென்னைப் பேராயத்திலிருந்து வேலூர்ப் பேராயம் பிரிக்கப்பட்டது. தென்னிந்தியத் திருச்சபை இன்று ஆங்கிலிக்க ஒன்றியத்தில் முழு உறுப்புரிமை கொண்டது.

உபதேசியார்

திருவிருந்து நடத்தும் அதிகாரம் குருவுக்கே உரியது. அவர் பல ஊர்களுக்குச் சுற்றிவர வேண்டியிருப்பதால் ஒரு சிற்றூர்ச் சபைக்கு ஒவ்வொரு ஞாயிறும் திருவிருந்து கிடைப்பதில்லை. மற்ற ஞாயிறுகளில் ஆராதனையை உபதேசியாரோ சபைப் பெரியவர் ஒருவரோ நடத்துவார். மிசன் காலத்தில் பெரும்பாலும் ஒரே ஆள் பகலில் பள்ளி ஆசிரியராகவும் மாலையில் உபதேசியாராகவும் இருந்தார்; பள்ளிக்கூடமே கோயிலாகவும் பயன்பட்டது. விண்ணப்பம் எழுதித் தருவது, நோயாளியை வேலூருக்கு அனுப்பிவைப்பது, குடும்பச் சண்டையில் நடுவராக இருப்பது ஆகியவையும் அவர் வேலையே. சிற்றூர்ச் சபைகளை இத்தனை காலம் நிலைநிறுத்தியவர் உபதேசியாரே எனலாம். மிசன் வரலாறுகளில் அவருக்குக் கிடைத்த இடமோ சிறிது.

வழிபாடும் பண்டிகைகளும்

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறை 1950 ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. இதில் சமாதானம் கூறும் சடங்கு மலபார் சிரிய சபையிலிருந்து பெறப்பட்டதாகும். ஒருவர் மற்றவரின் கையைத் தம் கைகளுக்குள் ஏந்திச் சமாதானம் கூற, அது பீடத்திலிருந்து கடைசி வரிசை வரை கைமாறிச் செல்லும். தீண்டாமை வழக்கில் இருந்த ஊர்களில் இது வெறும் சடங்காக மட்டும் இருந்திருக்க முடியாது.

பெண்கள் சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஒதுக்கிவைத்துக் கோயிலுக்குக் கொடுப்பது பிடியரிசிக் காணிக்கை எனப்படும். அறுப்பின் பண்டிகையில் நெல், தேங்காய், கோழி, பலகாரம் போன்றவை படைக்கப்பட்டுப் பின்னர் ஏலம் விடப்படும். ஒரு பூசணிக்காய் கடை விலையைவிடப் பல மடங்கு விலைக்குப் போவது இங்கு வியப்பன்று. பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் நீண்ட ஆராதனையும், உயிர்ப்பு ஞாயிறு விடியற்காலை ஆராதனையும், கிறிஸ்துமசுக்கு முன் வீடுவீடாகச் செல்லும் கீதபவனியும் வழக்கிலுள்ளன. பேராயரின் வருகை பெரும்பாலும் திடப்படுத்தல் ஆராதனையை ஒட்டியதாக இருக்கும்.

தோல் தொழில்

ஆம்பூர், இராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கின்றனர். காலையில் கம்பெனிப் பேருந்தில் சென்று மாலையில் திரும்புவோருக்கு வாரநாட் கூட்டங்கள் இரவில்தான் இயலும். தோல் பதனிடும் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அறுப்பின் பண்டிகைக்கு அறுவடையே இல்லாமற் போகும் நிலை, இவ்வழக்கின் ஆவணங்களில் வராத ஓர் இழப்பாகும்.

சாதியும் பதிவேடும்

இவ்வட்டாரச் சிற்றூர்ச் சபையினருள் பெரும்பாலோரின் முன்னோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து கிறித்தவத்தைத் தழுவியவர்கள். 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கே உரியதாயிற்று. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகின்றனர். எனவே அவர்கள் தனித் தொகுதிகளில் போட்டியிட முடியாது; வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. ஆனால் ஊரில் அவர்கள் குடியிருப்பது பெரும்பாலும் அதே காலனியில்தான்.

இதனால் சான்றிதழில் இந்து என்றும் ஞாயிற்றுக்கிழமையில் கிறித்தவர் என்றும் வாழும் குடும்பங்கள் உள்ளன. கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு அவர்களுக்கு எதிரான சான்றாகவும் ஆகக்கூடும். இச்சிக்கலை ஆராய 2022 ஆம் ஆண்டில் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில், கிறித்தவராக வாழ்ந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என உரிமை கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவர் குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தின் பதிவும் அவ்வழக்கில் சான்றாகக் கொள்ளப்பட்டது.